அசலும் ஐந்தில் ஒரு பங்கும்

பக்கத்து வீட்டுக்காரரிடம் அரிவாள் இரவல் கேட்கிறீர்கள். இல்லை என்கிறார். மறுநாள் அவரே உங்கள் வாசலில் வந்து நின்று கோடரி கேட்கிறார். "நேத்து நீ அரிவாள் தரல, இன்னைக்கு நான் கோடரி தரமாட்டேன்" என்று சொன்னால் அது பழிவாங்கல். "இந்தா, எடுத்துட்டுப் போ. நான் உன்னை மாதிரி ஆளில்லை" என்று சொல்லிக் கொடுத்தால் அது வன்மம். இரண்டும் குற்றம்தான் என்கிறது தால்முத். சுமார் 1,500 ஆண்டுகளுக்கு முன் பாபிலோனில் தொகுத்து முடிக்கப்பட்ட யூதர்களின் பெருநூல் அது.

பழிவாங்கியவனைக் குற்றவாளி என்று நாமும் சொல்வோம். கோடரியைக் கொடுத்தவனையும் அதே வரிசையில் நிறுத்துவதுதான் எனக்கு வியப்பாக இருந்தது. எங்கள் ஊர் நாச்சியாபுரத்தில் அப்படிப்பட்டவரை நான் தினமும் பார்க்கிறேன். பேசாத பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்கும் தவறாமல் போய் மொய் எழுதுவார். துக்கம் என்றால் முதல் ஆளாக மாலையோடு நிற்பார். திரும்பும்போது, "அவன் எனக்குப் பண்ணினதுக்கு நான் வந்ததே பெரிசு" என்று நாலு பேர் காதில் விழும்படி சொல்லிவிட்டு வருவார். ஊர் அவரைப் பெரிய மனசுக்காரர் என்று சொல்லும்.

நான் இந்தப் பக்கத்துப் பள்ளிகளில் தமிழும் வரலாறும் நடத்தி ஓய்வுபெற்றவள். கத்தோலிக்கக் குடும்பம். ஞாயிறு பூசைக்குக் காரைக்குடிக்குப் போகிறேன். தவக்காலத்தில் எங்கள் பெண்கள் கூடும் விவிலிய வகுப்பை நான்தான் நடத்துகிறேன். ஒவ்வொரு வருடமும் மன்னிப்பு என்ற தலைப்பு வந்தவுடன் யாராவது ஒருத்தி எழுந்து, "மன்னிக்கணும்னு தெரியுது டீச்சர், எப்படின்னு சொல்லுங்க" என்று கேட்பாள். இயேசு யூதர். அவர் சிறுவயதில் கேட்டு வளர்ந்த சட்டத்தையும் அதற்கு அந்த மக்கள் சொன்ன விளக்கத்தையும் படித்தால் பதில் கிடைக்கும் என்று தேடத் தொடங்கினேன். கிடைத்ததை இங்கே சொல்கிறேன்.

அரிவாள் கதைக்கு மூலம் லேவியர் நூலின் 19ஆம் அதிகாரம். அயலானை உன்னைப்போல் நேசி என்ற கட்டளை உலகம் முழுவதற்கும் தெரியும். அது ஒரு வசனத்தின் பின்பாதி என்பது பலருக்குத் தெரியாது. முன்பாதி பழிவாங்காதே, உன் இனத்தார்மேல் வன்மம் வைக்காதே என்கிறது. அதற்கு முந்தைய வசனம் இன்னும் முக்கியம். சகோதரனை உள்ளத்துக்குள் வெறுக்காதே, அவன் செய்தது தப்பு என்றால் முகத்துக்கு நேரே சொல் என்கிறது. கோபத்தை விழுங்கிக்கொண்டு சிரிக்கச் சொல்லும் சட்டம் இது இல்லை. முதலில் வாயைத் திறந்து சொல்லச் சொல்கிறது. சொன்ன பிறகுதான் விடச் சொல்கிறது. என் வகுப்புக்கு வரும் பெண்களில் பாதிப் பேருக்கு இந்த முதல் படி எட்டியதே இல்லை. மாமியாரிடமோ மூத்தாரிடமோ 'நீங்கள் செய்தது தப்பு' என்று சொல்ல வாய்ப்பே கொடுக்காத வீட்டில், மன்னிப்பை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்கிறோம்.

யோசேப்பின் கதையை எல்லோரும் சொல்வார்கள். 17 வயதுப் பையனை அண்ணன்கள் 20 வெள்ளிக்காசுக்கு விற்றுவிடுகிறார்கள். அவன் எகிப்தில் பெரிய அதிகாரியாகிறான். பஞ்சத்தில் தானியம் தேடி வந்த அண்ணன்களைக் கட்டிக்கொண்டு அழுகிறான். ஞாயிறு வகுப்பில் கதை அங்கே முடிந்துவிடும். தொடக்க நூல் அங்கே முடிக்கவில்லை. குடும்பமே எகிப்தில் குடியேறி, அப்பா யாக்கோபு 17 வருடம் அங்கே வாழ்ந்து இறக்கிறார். அடக்கம் முடிந்த கையோடு அண்ணன்களுக்குப் பயம் பிடித்துக்கொள்கிறது. அப்பா முகத்துக்காகத்தான் இத்தனை நாள் சும்மா இருந்தான், இனி பழிதீர்ப்பான் என்று ஆள் விட்டு மன்னிப்புக் கேட்கிறார்கள். அதைக் கேட்டு யோசேப்பு மறுபடியும் அழுகிறான். தம்பி எப்போதோ விட்டுவிட்டதை அண்ணன்களால் 17 வருடமாக நம்ப முடியவில்லை. குற்றம் செய்தவர்கள் வாய்விட்டு மன்னிப்புக் கேட்பதும் இந்தக் கடைசி அதிகாரத்தில்தான் வருகிறது. மனசுக்குள் வன்மத்தை விடுவது ஒன்று, இரண்டு பக்கமும் சேர்ந்து உறவைச் சரிசெய்வது வேறொன்று என்பதை இந்தக் கதையில்தான் தெளிவாகக் கண்டேன்.

யூதர்கள் இந்த இரண்டாவதற்கு ஒரு காலமும் முறையும் வகுத்திருக்கிறார்கள். அவர்கள் நாட்காட்டியில் திஷ்ரி மாதம் பத்தாம் நாள் யோம் கிப்பூர், பாவக்கழுவாய் நாள். நம் கணக்கில் புரட்டாசியை ஒட்டி வரும். ஒரு முழு நாளுக்கும் மேலாக, சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காத நோன்பு. ஆனால் அந்த நோன்பு கடவுளுக்கு எதிராகச் செய்த குற்றத்துக்குத்தான் கழுவாய். மனிதனுக்கு மனிதன் செய்ததை, பாதிக்கப்பட்டவரிடமே போய்ச் சமாதானம் செய்துகொள்ளாமல் அந்த நாள் தீர்க்காது என்று மிஷ்னா என்ற அவர்களுடைய பழைய சட்டத் தொகுப்பு சொல்கிறது. அதனால் முந்தைய எலூல் மாதத்திலிருந்தே ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்க் கேட்கும் வழக்கம் வந்தது. காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய் உன் சகோதரனோடு சமாதானமாகு என்று இயேசு மலைப்பொழிவில் சொன்னதும் இதே மரபில் வருவதுதான்.

எப்படிக் கேட்பது என்பதை 12ஆம் நூற்றாண்டில் மைமோனிடிஸ் வரிசையாக எழுதினார். ஸ்பெயினில் பிறந்து எகிப்தில் வாழ்ந்த மருத்துவர், சட்ட அறிஞர். முதலில், எடுத்ததைத் திருப்பிக் கொடு. கொடுத்தால் மட்டும் போதாது, வாய்விட்டுக் கேள். மறுத்தால் அவருடைய நண்பர்கள் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு போ. மறுபடி மறுத்தால் இரண்டாம் முறை, மூன்றாம் முறை. அதற்கும் இறங்காவிட்டால் விட்டுவிடலாம், அதற்குமேல் குற்றம் மறுத்தவர் பக்கம். மறுத்தவர் உன் ஆசிரியராக இருந்தால் மட்டும் ஆயிரம் தடவையானாலும் போ. கேட்பதற்குள் அவர் இறந்துவிட்டால்? பத்துப் பேரை அழைத்துக்கொண்டு கல்லறைக்குப் போய், இன்னாருக்கு இன்னது செய்தேன் என்று அவர்கள் முன்னால் சொல். பாக்கி இருந்தால் வாரிசிடம் கொடு. மன்னிக்க வேண்டியவருக்கும் ஒரு கட்டளை உண்டு. மனசாரக் கேட்கிறவனிடம் கல்லாக நிற்காதே.

படுக்கப்போகுமுன் சொல்லும் செபத்தோடு, அன்றைக்குத் தன்னை வருத்தியவர்களையெல்லாம் மன்னிப்பதாகச் சொல்லும் வழக்கமும் பல யூதர்களிடம் இருக்கிறது. கவனியுங்கள், இதற்கு யாரும் வந்து மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. விளக்கை அணைக்குமுன் ஒருவர் தனியாகவே செய்து முடிக்கிறார். உறவைச் சரிசெய்ய இரண்டு பேர் வேண்டும், அதற்கு மூன்று நடை, மூன்று சாட்சி. கசப்பை இறக்கிவைக்க ஒருவர் போதும். யூத மரபு இவை இரண்டையும் ஒன்றாகக் குழப்பவில்லை. நாங்கள் கிறிஸ்தவர்கள் அடிக்கடி குழப்பிவிடுகிறோம்.

இதையெல்லாம் எதிர் வீட்டு ஆச்சியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். நகரத்தார் வீட்டு ஆச்சி, என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அந்த வளவு வீட்டில் மூன்று புள்ளிகளுக்கு, அதாவது மூன்று குடும்பங்களுக்கு, பங்கு. வருடத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கும். ஆச்சி மதுரையில் மகள் வீட்டில் இருந்த சமயம், கொழுந்தனார் மகன் இரண்டாம் கட்டில் இருந்த பர்மாத் தேக்குக் கதவு ஒன்றையும், ஆச்சிக்குச் சீராக வந்த எனாமல் அடுக்குகளையும் பழைய சாமான் வியாபாரிக்கு விற்றுவிட்டார். கதவு இருந்த இடத்தில் இப்போது பிளைவுட் பலகை ஒன்றை ஆணியடித்து வைத்திருக்கிறார்கள். நிலையில் மட்டும் பழைய செதுக்கு வேலை அப்படியே இருக்கிறது, கஜலட்சுமியும் இரண்டு பக்கமும் கிளிகளும். ஆச்சி யார் வந்தாலும் முதலில் அங்கேதான் கூட்டிப்போய்க் காட்டுவார். வீட்டைச் சுற்றிப் பார்க்க வரும் வெளியூர்க்காரர்கள்கூடத் தப்பவில்லை.

பிறகு பங்காளிகள் சேர்ந்து முன்னோருக்குப் படைப்பு வைக்கும் நேரம் வந்தது. எல்லாப் புள்ளியும் சேர வேண்டிய காரியம். ஆச்சியும் பங்குப் பணத்தைக் கொடுத்தார். "கொடுத்துட்டேன் டீச்சர். கொடுக்கும்போது சபையில நாலு வார்த்தை சொல்லிட்டுத்தான் கொடுத்தேன்" என்றார். அப்போதுதான் அவருக்கு அரிவாள் கதையைச் சொன்னேன்.

கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் வெற்றிலையை மடித்துக்கொண்டே இருந்தார். "அப்ப நான் கோடாலி கொடுத்தவளா?" என்றார். பிறகு, "சரி, அவன் வித்த பணத்தைக் கொடுக்க வேண்டாமா? உங்க சாமி அதுக்கு என்ன சொல்லுது?" என்று கேட்டார்.

சரியான கேள்வி. லேவியர் நூலிலும் எண்ணிக்கை நூலிலும் அதற்கு வெளிப்படையான பதில் இருக்கிறது. ஏமாற்றியோ பறித்தோ எடுத்தவன் குற்றத்தை ஒப்புக்கொண்டு, எடுத்ததை முழுசாகத் திருப்பித் தரவேண்டும், அதன் மதிப்பில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்துத் தரவேண்டும். அசலும் நூற்றுக்கு இருபதும். பரிகார பலி அதற்குப் பிறகுதான். லூக்கா நற்செய்தியில் சக்கேயு என்ற வரிவசூல்காரர், ஏமாற்றியதை நாலு மடங்காகத் தருகிறேன் என்று தானே முன்வந்து சொல்கிறார். இதைச் சொன்னதும் ஆச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார். வட்டிக் கணக்கு தெரிந்த குடும்பம்.

எபிரேய விவிலியத்துக்குக் கடன் ரொம்ப நெருக்கமான விஷயம். இணைச்சட்ட நூலின் 15ஆம் அதிகாரப்படி ஏழு வருடத்துக்கு ஒருமுறை சக இஸ்ரயேலர்மேல் உள்ள கடனைத் தள்ளிவிட வேண்டும். ஏழாவது வருடம் நெருங்குகிறதே என்று ஏழைக்குக் கடன் கொடுக்க மறுக்காதே என்றும் அதே அதிகாரம் எச்சரிக்கிறது. ஆனாலும் மறுத்தார்கள். அதனால் இயேசுவுக்குச் சற்று முன் வாழ்ந்த ஹில்லேல் என்ற அறிஞர், பத்திரத்தை நீதிமன்றத்திடம் ஒப்படைத்துவிட்டால் ஏழாம் வருடத்துக்குப் பிறகும் வசூலிக்கலாம் என்று ஒரு வழி செய்தார். கொடுப்பவர் கை நின்றுவிட்டால் ஏழைக்கு விதைநெல்லுக்கும் வழியில்லையே என்பதுதான் அவருடைய கவலை. இயேசு கற்பித்த செபத்திலும் மத்தேயு பாவத்தைக் கடன் என்றே எழுதுகிறார். எத்தனை முறை மன்னிக்க வேண்டும், ஏழு தடவையா என்று பேதுரு கேட்டபோது, இயேசு சொன்னது ஒரு கடன் கதைதான். ஒருவன் அரசனுக்குப் பத்தாயிரம் தாலந்து பாக்கி. ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 தெனாரியம், ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. ஆக ஆறு கோடி நாள் கூலி. அரசன் அதை முழுசாகத் தள்ளிவிடுகிறான். வெளியே வந்த அதே ஆள், தனக்கு நூறு நாள் கூலி பாக்கி வைத்தவனின் கழுத்தைப் பிடிக்கிறான்.

ஆச்சி இதைக் கேட்டதும் பர்மாவுக்குப் போய்விட்டார். அவருடைய மாமனார் அங்கே லேவாதேவி நடத்தியவர். 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் அரிசி விலை சரிந்து, கடன் கட்ட முடியாத விவசாயிகளின் நிலம் நகரத்தார் செட்டியார்கள் கைக்கு வந்தது. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் அவர்கள் வசமிருந்த நிலம் 1930இல் சுமார் நூற்றுக்கு ஆறாக இருந்தது, 1938க்குள் ஏறக்குறைய கால் பங்காகிவிட்டது. 1942இல் ஜப்பானியர் வந்தபோது நடந்தும் கப்பலிலும் தப்பி வந்தார்கள். 1948இல் சுதந்திர பர்மா நில தேசியமயச் சட்டம் போட்டது. "அங்க போட்டதெல்லாம் போச்சு" என்று மாமனார் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம். ஆச்சி அந்தப் பேச்சைக் கேட்டே வளர்ந்த மருமகள். நிலத்தை இழந்த பர்மிய விவசாயி வீட்டிலும் அதேபோல ஒருவர் சாகும்வரை எதையோ சொல்லிக்கொண்டிருந்திருப்பார் என்று நான் சொன்னேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் வரலாறு நடத்தியவள் அதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

கேட்காமலே மன்னிக்க முடியுமா என்பதுதான் கடினமான இடம். 1999 ஜனவரி 22ஆம் தேதி நள்ளிரவு, ஒடிசாவின் கியோஞ்சர் மாவட்டம் மனோகர்பூர் கிராமத்தில், வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்த கிரகாம் ஸ்டெயின்ஸையும் அவர் மகன்கள் பிலிப், திமோத்தி இருவரையும் ஒரு கும்பல் உயிரோடு எரித்தது. பையன்களுக்குப் பத்து வயதும் ஆறு வயதும். கிரகாம் ஆஸ்திரேலியர், 1965லிருந்து பாரிபதாவில் தொழுநோயாளிகளுக்கு நடுவில் இருந்தவர். சில நாட்களுக்குள்ளேயே அவர் மனைவி கிளாடிஸ், கொன்றவர்களை மன்னித்துவிட்டதாக அறிவித்தார். முக்கியக் குற்றவாளி தாரா சிங் பிடிபட்டது அதற்கு ஒரு வருடம் கழித்து, 2000 ஜனவரி 31இல். அதாவது கிளாடிஸ் மன்னித்தபோது எதிரே வந்து நின்று கேட்க யாருமே இல்லை.

அவர் வழக்கைத் தடுக்கவும் இல்லை. மன்னிப்பது தன் காரியம், தண்டிப்பது சட்டத்தின் காரியம் என்று பிரித்தே பேசினார். 2003இல் தாரா சிங்குக்கு மரணதண்டனை, 2005இல் உயர் நீதிமன்றம் அதை ஆயுளாகக் குறைத்தது, 2011இல் உச்ச நீதிமன்றம் ஆயுளை உறுதிசெய்தது. அந்த வருடங்களில் கிளாடிஸ் மகள் எஸ்தரோடு 2004 வரை பாரிபதாவிலேயே தங்கி, தொழுநோய் இல்லத்தைத் தொடர்ந்து நடத்தினார், கணவர் பெயரில் ஒரு மருத்துவமனையும் திறக்கப்பட்டது. 2005இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ஆச்சி இதைக் கேட்டு, "எங்க மெய்ப்பொருள் நாயனார் மாதிரில்ல இருக்கு! குத்தினவனைப் பத்திரமா ஊரெல்லை தாண்டி விட்டுட்டு வான்னு தன் காவலாள் தத்தனை அனுப்பினவர்" என்றார். ஆமாம் ஆச்சி, அவரைப்போலத்தான். ஆனால் நாயனார் குத்தியவன் உடம்பில் இருந்த திருநீற்றைப் பார்த்தார். கிளாடிஸுக்குப் பார்க்க அப்படி ஒன்றும் இல்லை.

கேட்டு, கொடுத்து, இரண்டு பக்கமும் சேர்ந்ததற்கும் நம் நாட்டிலேயே சாட்சி உண்டு. கேரளத்தின் புல்லுவழியில் பிறந்த கன்னியர் ராணி மரியா, மத்தியப் பிரதேசத்தின் உதய்நகரில் நிலமற்ற பழங்குடி மக்களை வட்டிக்காரர் பிடியிலிருந்து வெளியே கொண்டுவரப் பாடுபட்டார். 1995 பிப்ரவரி 25 அன்று, இந்தூருக்குப் போகும் பேருந்தில், பயணிகள் பார்த்துக்கொண்டிருக்க, சமந்தர் சிங் என்பவர் அவரை ஐம்பது தடவைக்கும் மேல் குத்திக் கொன்றார். ராணி மரியாவுக்கு அப்போது 41 வயது. குத்தியவருக்கு ஆயுள் தண்டனை. சிறையில் அவரை ஒரு குருவானவர் தொடர்ந்து போய்ப் பார்த்துப் பேசினார். 2002இல், ரக்ஷாபந்தன் சமயத்தில், ராணி மரியாவின் தங்கை செல்மி, அவரும் கன்னியர்தான், இந்தூர் சிறைக்குப் போய்ச் சமந்தர் சிங் கையில் ராக்கி கட்டினார். பின்னர் அம்மா எலீஸ்வாவும் சிறைக்குப் போய், மகளைக் கொன்ற அந்தக் கைகளை முத்தமிட்டார். அவரை விடுவிக்கும்படி குடும்பத்தாரும் வேண்டினார்கள். 2006இல் விடுதலையானவர், அடுத்த வருடம் புல்லுவழிக்கே போய்ப் பெற்றோர் காலில் விழுந்தார். 2017 நவம்பர் 4 அன்று இந்தூரில் ராணி மரியாவுக்கு அருளாளர் பட்டம் கொடுத்தபோது அந்தக் கூட்டத்தில் சமந்தர் சிங்கும் இருந்தார்.

இந்தக் கதையை எங்கள் சாமியார்கள் பிரசங்கத்தில் சொல்கிறார்கள். சொல்லிவிட்டு, குடித்துவிட்டு வந்து அடிக்கும் கணவனைப் பற்றி அழும் பெண்ணிடம், நீயும் மன்னித்துப் போ அம்மா என்கிறார்கள். இது எனக்குப் பொறுக்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில்கூடச் சாதிச் சுவர் எழுப்பிய சபைகள் தமிழ்நாட்டில் உண்டு. சுவரை இடிக்காமல், சுவருக்கு அந்தப் பக்கம் தள்ளப்பட்டவர்களிடம் கசப்பை விடுங்கள் என்று சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது? ராணி மரியாவின் அம்மாவை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. சமந்தர் சிங் அதற்குள் சிறையில் வருடக்கணக்காக இருந்தார். லேவியர், மைமோனிடிஸ், சக்கேயு, எல்லோரும் முதல் நடையைக் குற்றம் செய்தவன் காலில்தான் வைத்தார்கள். கசப்பை விடுவது பாதிக்கப்பட்டவர் தன் நிம்மதிக்காக, தன் நேரத்தில் செய்வது. அதை வெளியிலிருந்து ஒருவர் தேதி குறித்துக் கேட்கக்கூடாது.

ஆச்சி வீட்டுப் பாகப்பிரிவினை வழக்கு இன்னும் கோர்ட்டில் நடக்கிறது. கொழுந்தனார் மகன் இதுவரை வரவில்லை. "வர்றவங்ககிட்டயெல்லாம் கதவைக் காட்டுறதை விட்டுட்டேன் டீச்சர். ராத்திரி தூக்கம் வருது. அவன் வந்தா என்ன பண்ணுவேன்னு கேக்காதீங்க, அது வர்றப்ப பாத்துக்கலாம்" என்கிறார். வழக்கை வாபஸ் வாங்கச் சொல்லி உறவுக்காரர்கள் சிலர் வற்புறுத்துகிறார்கள். வாங்க வேண்டாம் என்றே நானும் சொன்னேன்.

அடுத்த தவக்காலத்துக்கான வகுப்புக் குறிப்பை எழுதத் தொடங்கியிருக்கிறேன். இந்தத் தடவை ஆண்களையும் கூப்பிட வேண்டும் என்று பங்குக் குருவிடம் கேட்டிருக்கிறேன். 'யாரையெல்லாம் மன்னிக்க வேண்டும்' என்று எழுதச் சொல்லி வழக்கமாக ஒரு தாள் கொடுப்போம். அதற்கு முன்னால் இன்னொரு தாள் கொடுக்கப்போகிறேன். யாரிடம் என்ன எடுத்தேன், அசல் எவ்வளவு, ஐந்தில் ஒரு பங்கு சேர்த்தால் எவ்வளவு, எந்தத் தேதிக்குள் கொண்டுபோய்க் கொடுக்கப்போகிறேன்.